பழைய மர வள்ளம்: ஓடும்போது மட்டும் தண்ணீர் அதிகம் ஏறுகிறது, ஃபைபர் உறை போடலாமா?

வேம்பார்க்கரை:

வணக்கம். 32 அடி வள்ளம், கட்டி 18 வருடம். பலகை அயனி மரம், ஒன்றேகால் அங்குலக் கனம். ஏரா (அடிமுதுகுக் கட்டை) இலுப்பை. வங்குகள் (உள்ளே பலகையைத் தாங்கும் விலா மரங்கள்) பாதி கருவேலம், பாதி வாகை. எல்லாம் இரும்பாணி. 20 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் உள்ளே இருக்கிறது. வெளிப்புறம் இதுவரை மீன் எண்ணெயும் குங்கிலியப் பிசினும்தான், பெயின்ட் மேல் இரண்டு பலகைக்கு மட்டும்.

நங்கூரத்தில் கிடந்தால் 24 மணி நேரத்துக்கு 15 லிட்டர் வாளியில் மூன்று வாளி இறைக்க வேண்டும். ஆனால் நாலு மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் நாலு வாளி. இப்போது கரையில் ஏற்றி 25 நாள். பலகை இடுக்குகள் சில இடத்தில் மூன்று மில்லிமீட்டர் விரிந்து வெளிச்சம் தெரிகிறது. ஏராவிலிருந்து மூன்றாவது பலகை வரை ஆணித் தலைகளுக்குக் கீழே பழுப்புக் கோடு வழிந்திருக்கிறது. பின்பக்க மேல்தட்டில், சுக்கானுக்கு அருகே, கட்டைவிரல் வைத்து அழுத்தினால் அமுங்குகிறது.

இடுக்கு முழுக்க எபாக்சி பட்டி அடைக்கச் சொல்கிறார் ஒருவர். வெளியே நாலு லேயர் ஃபைபர் போட்டால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்கிறது ஒரு பட்டறை. விற்றுவிட்டு ஃபைபர் படகு வாங்கு என்று சொல்வதற்கும் ஆள் இருக்கிறது, அதில் எனக்கு மனமில்லை. எதை முதலில் பார்ப்பது?

கொட்டாப்புளி:

தம்பி, நீங்கள் கொடுத்த கணக்கிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கிடக்கும்போது மணிக்கு இரண்டு லிட்டருக்கும் குறைவு. ஓடும்போது மணிக்கு 15 லிட்டர். பழைய வள்ளம் நாளைக்கு மூன்று வாளி குடிப்பது பெரிய காரியம் இல்லை. ஓடும்போது எட்டு மடங்கு ஏறுகிறது என்றால் எதுவோ அசைகிறது. ஆணி இளகியிருக்கலாம், ஸ்டெர்ன் டியூப் (புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே போகும் குழாய்) ஆடலாம், ஏராவை ஒட்டிய முதல் பலகை பிடி விட்டிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் பட்டியோ ஃபைபரோ வைப்பது வீண் செலவு.

விரிந்த இடுக்கைப் பார்த்துப் பதற வேண்டாம், அது வெயில் செய்த வேலை. பலகை நீளவாக்கில் ஊதாது, அகலவாக்கில்தான் ஊதும். ஆறு அங்குல அகலமுள்ள பலகை காய்ந்து சுருங்கினால் மூன்று நான்கு மில்லிமீட்டர் போகும், தண்ணீரில் இறக்கினால் அவ்வளவும் திரும்ப வரும். இப்போது அந்த மூன்று மில்லிமீட்டர் இடுக்கில் கல் மாதிரி இறுகும் எபாக்சி பட்டியை அடைத்தீர்கள் என்றால் பலகை ஊதுவதற்கு இடம் ஏது? விளிம்பு நசுங்கும். நசுங்கவும் வழியில்லாவிட்டால் பலகை வங்கை விட்டு வெளியே தள்ளும், ஏற்கெனவே துருப்பிடித்த ஆணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறும். பஞ்சை அளவுக்கு மீறி அடித்து இறுக்கினாலும் இதே கதிதான். காய்ந்த வள்ளத்தில் கலப்பத்து (இடுக்கில் பஞ்சு அடைப்பது) அடிக்கிறவர் கை கொஞ்சம் தளர்ந்துதான் இருக்க வேண்டும்.

முதல் சோதனை: உள்ளே அடிப்பள்ளத்தில் நாலு விரல்கடை உயரத்துக்குக் கடல் தண்ணீர் ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கடலில் வெளித்தண்ணீர் பலகையை உள்ளே தாங்கும். கரையில் நிறைய ஊற்றினால் பாரம் வெளியே தள்ளும், நல்ல ஆணியும் இளகும். காலையில் ஊற்றிவிட்டு வெளியே சுற்றிப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் எல்லா இடத்திலும் கசியும், அதை விட்டுவிடுங்கள். மறுநாளும் நிற்காமல் சொட்டுகிற இடங்களைத்தான் சுண்ணாம்புக் கட்டியால் குறிக்க வேண்டும்.

இரண்டாவது ஆணி. பழுப்புக் கோடு வழிகிறது என்றால் ஆணி உள்ளே கரைகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், துளையைப் பிளந்துகொண்டே போகும். சுற்றிலும் மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். தலை நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பலகைக்கும் வங்குக்கும் நடுவே, தண்ணீர் நிற்கிற அந்த இடத்தில்தான் ஆணி இடுப்பு சிறுத்துப் போயிருக்கும். பத்து ஆணிக்கு ஒன்று என்று வெவ்வேறு இடத்தில் பிடுங்கிப் பாருங்கள். ஆணிமேல் சுத்தியலால் தட்டும்போது டங் என்று கேட்டால் நல்லது, சத்தம் அமுங்கினால் சந்தேகம். சுத்தியலை எடுத்ததும் பலகை இடுக்கில் ஈரம் துளிர்த்தால் அந்த ஆணி பிடிக்கவில்லை.

மூன்றாவது மரம். மெல்லிய குத்தூசியைச் சாய்த்துக் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளச் சிம்பாக எழும்பும். உளுத்த மரம் பிஸ்கட் மாதிரி குட்டையாக உடையும். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள், மேலே தேடுங்கள். உளுப்பு என்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க உப்புத்தண்ணீரில் ஊறிக் கிடக்கிற மரத்துக்குள் காற்றில்லை, உப்பும் பூஞ்சைக்கு ஆகாது. ஐப்பசி கார்த்திகை மழை தட்டு வழியாக இறங்கி விட்டத்தின் முனையிலும் வங்குத் தலையிலும் தங்குகிறதே, அந்த நல்ல தண்ணீர்தான் வள்ளத்தைத் தின்கிறது. உங்கள் வள்ளத்தில் அழுத்தினால் அமுங்குகிற தட்டு அதற்குச் சாட்சி. அந்தத் தட்டுக்குக் கீழே உள்ள விட்டத்தின் இரண்டு முனையையும் முதலில் குத்திப் பாருங்கள்.

ரெசின்வாளி:

ஃபைபர் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வள்ளத்துக்கு வேண்டாம். ஃபைபர் கெட்டது என்பதால் அல்ல.

காரணம் ஒன்று, 18 வருடம் மீன் எண்ணெய் குடித்த பலகை. பாலியஸ்டர் ரெசின் எண்ணெய் மரத்தில் ஒட்டாது. மேலே ரெண்டு மில்லிமீட்டர் இழைத்தாலும் வெயில் பட்டதும் உள்ளிருந்து எண்ணெய் வியர்க்கும். போட்ட அன்று அருமையாக இருக்கும், ஆறேழு மாதத்தில் தட்டினால் டொக்கு டொக்கு என்று காலிச் சத்தம் வரும். காரணம் இரண்டு, ஈரம். ரெசின் பிடிக்க மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். அந்த அளவுக்குக் காயவைத்தால் பலகை சுருங்கி நிற்கும். உறை போட்டுக் கடலில் இறக்கியபின் உள்ளே தேங்கும் தண்ணீரைக் குடித்து அதே பலகை ஊதும். ஃபைபர் ஊதாது. உறை இடுக்குகளின் நேர்கோட்டில் கிழியும்.

மூன்றாவதுதான் மோசம். உறை வெளித்தண்ணீரை நிறுத்தும், மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரை வெளியே விடாது. மரம் இரண்டுக்கும் நடுவே மூச்சில்லாமல் ஈரத்தில் கிடக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே புட்டு.

இன்னும் போடத்தான் வேண்டும் என்றால் கணக்கு இது. உங்கள் வள்ளத்தின் வெளிப்பரப்பு தோராயமாக 30 சதுர மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒரு லேயருக்கு 13.5 கிலோ. ஒரு லேயர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான் தரும். அசைகிற மர உடம்புக்கு நாலு லேயர் போதாது, ஐந்தாவது வைக்க வேண்டும். ஐந்து லேயருக்கு மேட் 67 கிலோ, அதன் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின், அதாவது 170 கிலோ. கால் டன் பாரம் கூடும். அதையும் வெறும் ஒட்டை நம்பாமல், முதல் இரண்டு லேயருக்கு மேல் ஸ்டெயின்லெஸ் திருகாணி போட்டுப் பிடித்து அதன்மேல் மீதி லேயர் வைக்க வேண்டும். பட்டறையில் இதையெல்லாம் செய்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சொந்தமாக ரெசின் கலப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். நம் வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து மில்லி கேட்டலிஸ்ட் போதும். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடிப்பது உத்தமம்.

புதிதாகக் கட்டிய, எண்ணெய் தொடாத, நன்றாகக் காய்ந்த படகுக்கு உறை நல்ல யோசனைதான். மரத்தைக் குடையும் கப்பல் புழு உள்ளே வராது என்பதே பெரிய லாபம். அதுவும் உறை கிழியாதவரைதான். மணலில் இழுத்து இழுத்து ஏரா பக்கம் தேய்ந்து ஊசிமுனை அளவு மரம் தெரிந்தால் புழுக்குஞ்சுக்கு அது போதும்.

சோழகம்:

ரெசின்வாளி சொன்னதில் எனக்கு முரண்பாடு இல்லை, ஒன்றைச் சேர்க்கிறேன். எண்ணெய் வழி, பெயின்ட் வழி என்று இரண்டு இருக்கிறது. ஒரு வள்ளத்துக்கு ஒன்றுதான். எண்ணெய் குடித்த பலகைமேல் பாசிதடுப்புப் பெயின்ட் அடித்தால் தோலுரிந்து வரும், பெயின்ட்மேல் எண்ணெய் பூசினால் பிசுக்கு மட்டும் மிஞ்சும். உங்கள் வள்ளம் எண்ணெய் வழியில் வந்தது, அதிலேயே போகட்டும்.

எண்ணெய் வழியின் பலமும் பாரமும் ஒன்றேதான்: அடிக்கடி செய்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரையேற்றி, கொட்டலசும் (அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பாசியும் சுரண்டி, மூன்று நாள் நிழலில் ஆறவிட்டு, சுறா எண்ணெயோ மத்தி எண்ணெயோ இரண்டு கை பூச வேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் இன்னும் நன்றாக நிற்கும், ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போடும். ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பூசிய துணியையும் பஞ்சையும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். மீன் எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் காயும்போது சூடேறும், குவியலாகக் கிடந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீர் வாளியில் போடுங்கள், இல்லாவிட்டால் மணலில் விரித்துக் காயவிடுங்கள்.

கப்பல் புழு பற்றி ரெசின்வாளி தொட்டுவிட்டுப் போனார், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் தலையைவிடச் சிறிய துளை போட்டு நுழைகிறது, உள்ளே போய்த்தான் விரலளவுக்கு வளர்ந்து மரத்தின் நீளவாக்கில் குடைகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குடைந்த வழியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஏராவின் அடிப்பக்கமும் சுக்கானின் கீழ்முனையும்தான் முதலில் போகும், ஏனென்றால் அங்கே எண்ணெய்த் துணி எட்டுவதில்லை. தென்னோலைத் தீ காட்டுகிற பழைய வழக்கம் இதற்குத்தான். தீ நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், கை வைத்தால் தாங்கமுடியாத சூடு வந்ததும் அடுத்த இடம். இடுக்கில் உள்ள குங்கிலியமும் இளகிச் சமமாகும். தாமிரம் கலந்த பெயின்ட் அடித்த படகுக்குத் தீ காட்டவே கூடாது, அந்தப் புகை விஷம்.

இவ்வளவு வேலை எதற்கு என்று கேட்பார்கள். மர வள்ளத்தில் எந்தப் பலகை கெட்டதோ அதை மட்டும் கழற்றிப் புதிதாக வைக்கலாம். ஏரா சரியாக இருக்கிறவரை உடம்பை மாற்றிக்கொண்டே போகலாம். ஃபைபர் படகு வயதானால் உடைத்துப் போடத்தான் இடம் தேட வேண்டும். தவிர, பாரமான மரம் இன்ஜின் நடுக்கத்தைத் தின்றுவிடும், எதிரலையில் அடி அறையாது. எட்டு மணி நேரம் வலையோடு நிற்கிற முதுகுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

கப்ளிங்காரன்:

பலகையைப் பற்றி அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். ஓடும்போது ஏறும் தண்ணீரில் ஒரு பங்கு ஷாஃப்ட் வழியாக வருகிறதா என்று பார்ப்பது சுலபம். இன்ஜின் ஓடும்போது ஸ்டெர்ன் டியூப் கிளாண்டுக்கு (ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் மூடி) கீழே ஒரு டப்பா வையுங்கள். கயிறு பேக்கிங் போட்ட கிளாண்டு ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும், அதுதான் அதற்குக் குளிர்ச்சி. சொட்டே இல்லாமல் இறுக்கினால் பேக்கிங் கருகி ஷாஃப்ட்டில் பள்ளம் விழும். டப்பாவில் கோடாக ஒழுகினால் பேக்கிங் போயிற்று. பழைய வளையம் ஒன்றுகூட உள்ளே மிஞ்சாமல் கொக்கியால் எடுங்கள். புதியது மூன்று நாலு வளையம். ஒவ்வொன்றையும் சாய்வாக வெட்டி, வெட்டு முனைகள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும்.

பேக்கிங் மாற்றியும் மூன்று மாதத்தில் ஒழுகினால் குற்றம் கப்ளிங்கில் (இன்ஜினையும் ஷாஃப்ட்டையும் சேர்க்கும் இணைப்பு). மர வள்ளம் கரையில் ஒரு வடிவம், தண்ணீரில் ஒரு வடிவம். கரையில் வைத்து இன்ஜினை நேராக்கினால் இறக்கியதும் கோணலாகிவிடும். தண்ணீரில் இறக்கி மூன்று நாள் ஊறிய பிறகு, கப்ளிங் போல்ட்டைக் கழற்றிவிட்டு, இரு முகத்துக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் என நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். நாலங்குலக் கப்ளிங்குக்கு அந்த நாலு அளவுக்குள் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்குமேல் இருந்தால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் டியூபை ஆட்டும், டியூப் ஏராவின் பின்கட்டையை ஆட்டும், பக்கத்துப் பலகையின் ஆணி இளகும். உங்கள் எட்டு மடங்குக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் ஊகம்.

இன்னொன்று, உலோகம் அரிக்காமல் இருக்க மாட்டும் துத்தநாகக் கட்டை. மர வள்ளத்துக்கு அதிகம் மாட்டுவது ஆபத்து. உலோகத்தைக் காப்பாற்றுகிற அதே மின்னோட்டம் உலோகத்தைச் சுற்றி காரத்தை உண்டாக்கும், காரம் மரத்தைக் கரைக்கும். டியூபைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு பூத்து மரம் கயிற்று நார் மாதிரி பிய்ந்தால் காரணம் அதுதான். ஷாஃப்ட்டுக்கு ஒரு சின்னக் கட்டை போதும். பேட்டரி ஒயர் அடிப்பள்ளத் தண்ணீரில் கிடக்கக் கூடாது, அது கட்டையைவிட மோசம்.

வேம்பார்க்கரை:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன், முடிவுகள்:

தண்ணீர் ஊற்றியதில் மறுநாளும் நிற்காதது வலப்பக்கம் மட்டும். ஏராவை ஒட்டிய முதல் பலகை, பின்முனையிலிருந்து ஆறடி நீளம். பிடுங்கிய 12 ஆணியில் ஐந்து இடுப்பு சிறுத்தவை, ஐந்தும் கீழ் மூன்று பலகையில். மேல் பலகை ஆணிகள் நன்றாக இருக்கின்றன. அந்த முதல் பலகையில் ஆணித்துளைகளைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது, பின்முனையில் ஒரு சாண் நீளத்துக்குக் குத்தூசி சுலபமாக இறங்குகிறது. தட்டுக்குக் கீழே விட்டம் இரண்டு, வலப்பக்க முனையில் நாலு விரல் ஆழத்துக்கு உளுப்பு. புழுத்துளை சுக்கானில் மட்டும். கப்ளிங்கைக் கரையிலேயே பார்த்துவிட்டேன், 0.6 மில்லிமீட்டர் காட்டுகிறது, தண்ணீரில் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆறடியை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாமா, முழுப் பலகையும் மாற்றணுமா? ஆணியை அதே துளையில் அடிக்கலாமா? உளுத்த விட்டத்துக்கு மருந்து உண்டா?

கொட்டாப்புளி:

நல்லவேளை, கீழ் மூன்று பலகையோடு நின்றது.

ஆறடி மட்டும் வெட்டினால் ஒட்டு இன்ஜின் மேடைக்கு நேரே வரும், ஆட்டம் அதிகமான இடம். பின்முனையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பலகை வையுங்கள். ஒட்டு வங்கின்மேல் வேண்டாம், இரண்டு வங்குக்கு நடுவே வரட்டும். உள்ளே தாங்கு பலகை வைத்துப் பிடிக்க வேண்டும். தாங்கு பலகையின் மேல்விளிம்பைச் சரிவாகச் சீவிவிடுங்கள், தட்டையாக விட்டால் அதன்மேல் தண்ணீர் தங்கி அங்கேயே உளுக்கும். அடுத்த பலகையின் ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து ஐந்தடியாவது தள்ளி உங்கள் ஒட்டு விழ வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் வள்ளத்துக்கு அது முறிவுக்கோடு.

மரம் அயனியே வாங்குங்கள், வேறு மரம் வேறு அளவில் ஊதும். வெள்ளைப்பகுதி இல்லாத வைரம் (உள்மரம்) வேண்டும். பச்சை மரமும் ஆகாது, அடுப்புக் கட்டை மாதிரி காய்ந்ததும் ஆகாது. பழைய பலகையைக் கழற்றும்போது உடைக்காமல் எடுங்கள், அச்சு அதுதான். வளைவு கூடிய இடத்துக்கு ஈரச்சாக்கு சுற்றிக் கொதிதண்ணீர் விட்டு, ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் சூடு காட்டினால் படியும். எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் இறுக்கிப் பிடித்துவிட வேண்டும், ஆறிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. கழற்றிய இடத்தில் வங்கின் முகம் தெரியும். இந்தச் சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்காது, எல்லா வங்கையும் குத்திப் பார்த்து எண்ணெய் பூசிவிடுங்கள்.

ஆணி அதே துளையில் கூடாது. பழைய துளையைத் துளைத்துச் சுத்தம் செய்து, கூம்பாகச் சீவிய மரமுளையைப் பசை தடவி அடித்து அடையுங்கள். புதிய ஆணிக்கு இரண்டு அங்குலம் தள்ளி, முந்தைய ஆணியின் நார்வரிசையில் விழாதபடி சற்று மேலோ கீழோ துளை போடுங்கள். ஒரே நாரில் இரண்டு ஆணி இறங்கினால் பலகை பிளக்கும். துளை ஆணியின் கனத்தில் முக்கால் பங்கு. துத்தநாகச் சூட்டு முலாம் போட்ட சதுர ஆணி வாங்குங்கள், பளபளவென்று மெல்லிய முலாம் பூசியது ஒரு மழைக்கு நிற்காது. தாமிர ஆணியை நடுநடுவே கலக்காதீர்கள், பக்கத்து இரும்பாணியை அது தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். காற்றுப் படுகிற மேல்பக்கத்துக்குச் சரி, காற்றில்லாத ஈரமரத்துக்குள் அதுவும் குழிகுழியாக அரிக்கும். கீழ் மூன்று பலகைக்கு இரு பக்கமும் எல்லா ஆணியும் மாற்றுங்கள். ஐந்து மட்டும் மாற்றினால் மீதி அடுத்த வருடம் வரும்.

கலப்பத்து: தண்ணீர்மட்டத்துக்குக் கீழே பக்கத்துக்கு ஆறு இடுக்கு, ஏறத்தாழ 120 மீட்டர் வரும். பஞ்சு மூன்று கிலோவுக்குள் அடங்கும். பழையதைச் சுரண்டும்போது இடுக்கு வெளியே அகலம், உள்ளே மூடிய கூம்பாக இருக்கிறதா பாருங்கள். உள்ளே திறந்திருந்தால் பஞ்சு அடிக்க அடிக்க வள்ளத்துக்குள் போய்விடும். முதலில் இடுக்கில் எண்ணெய் தடவி, திரித்த பஞ்சைச் சிறுசிறு மடிப்பாக உளியால் செருகி, பிறகு கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) அடித்து இறக்குங்கள். பலகைக் கனத்தில் பாதி ஆழத்துக்குப் பஞ்சு நிற்க வேண்டும். மீதிப் பாதிக்குக் குங்கிலியம், ஐந்து கிலோ வரை பிடிக்கும். குங்கிலியத்தைப் பொடித்து, சிறு தீயில் உருக்கி, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு எடுத்து மடக்கினால் உடையாமல் வளைய வேண்டும். உடைந்தால் எண்ணெய் போதவில்லை, விரலில் ஒட்டினால் எண்ணெய் கூடிவிட்டது. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியைப் போட்டு மூடுங்கள், மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

சோழகம்:

விட்ட முனைக்கு: உளுத்ததைச் செதுக்கி நல்ல மரம் வந்தபிறகும் இன்னும் ஒரு சாண் உள்ளே பூஞ்சை இழை இருக்கும். போராக்ஸ் 60 கிராம், போரிக் ஆசிட் 40 கிராம், ஒரு லிட்டர் சுடுதண்ணீர். இரண்டு நாள் இடைவெளியில் மூன்று முறை நனையப் பூசுங்கள். ஈரமரத்தில்தான் இது உள்ளே ஊடுருவும், காய்ந்த மரத்தில் மேலேயே நிற்கும். தண்ணீர்மட்டத்துக்கு மேலே மட்டும்தான் பயன், கீழே பூசினால் கடல் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு விட்டத்தின் பக்கத்தில் இரண்டடி நீளத் துணைக்கட்டை சேர்த்துப் போல்ட் போடுங்கள்.

புது பலகைக்கு, கிடைத்தால், அழுத்தத்தில் மருந்தேற்றிய மரம் பார்க்கலாம். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் படகு மரத்துக்கு இதைப் பல ஆண்டு ஆராய்ந்து பார்த்திருக்கிறது. அயனி வைரத்துக்கு அவசியமில்லை, மட்டமான மரத்துக்குத்தான் லாபம். அந்த மரத்தின் சீவலை அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள், ஆர்சனிக் புகை.

தட்டுக்குப் பழைய வைத்தியம் ஒன்று: மழை நின்றதும் நாலு வாளி கடல் தண்ணீரை ஊற்றிக் கழுவுவது. நல்ல தண்ணீர் போய் உப்பு நிற்கும். கல்லுப்பை வங்குகளுக்கு நடுவே கொட்டி வைப்பவர்களும் உண்டு. மரத்துக்கு நல்லது, இரும்பாணிக்குக் கெடுதல், அதனால் உங்கள் வள்ளத்துக்கு வேண்டாம். தட்டுக்குக் கீழே எப்போதும் இரண்டு பக்கத் திறப்பும் திறந்திருக்கட்டும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவது மழையை நிறுத்தும், காற்றையும் நிறுத்தும். கூரை மாதிரி உயர்த்திக் கட்டுங்கள்.

கொட்டாப்புளி:

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் மொத்தமும் கரையேறும், படகுத் தச்சர்களான ஓடாவிமார் கைக்குக் கிடைக்க மாட்டார்கள். போதாததற்கு அக்னி நட்சத்திரம். வேலை முடிந்தும் வள்ளம் வெயிலில் காய்ந்துகொண்டே கிடக்கும். மாசி பங்குனியில் பெரிய வேலையை வையுங்கள், 20 நாளுக்குள் முடித்து இறக்குங்கள். கரையில் இருக்கும் நாளெல்லாம் ஏராவுக்கு நாலடிக்கு ஒரு கட்டை கொடுங்கள். இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் நடு தொய்யும், நடுவில் மட்டும் தாங்கினால் முனைகள் தொங்கும். மேற்குப்பக்கம் ஓலைத் தட்டி, ஈரச்சாக்கு.

இப்போது 25 நாள் காய்ந்துவிட்டதால் இறக்கும் அன்று நிறையத் தண்ணீர் வரும். இறக்குவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே உள்ளே ஈரச்சாக்கு பரப்பி, காலை மாலை கடல் தண்ணீர் தெளியுங்கள். இறக்கியதும் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்துங்கள், பம்ப் ஒன்று ஓடட்டும், கைவாளியோடு ஒரு ஆள் இரவும் இருக்கட்டும். நீண்ட கம்பில் டப்பா கட்டி நைஸ் மரத்தூளை நிரப்பி, தண்ணீருக்குள் கவிழ்த்து இடுக்குக்குக் கீழே கொண்டுபோய் விடுங்கள். உள்ளே இழுக்கிற தண்ணீரோடு தூளும் போய் அடைத்து ஊதும். இரண்டாவது நாள் பாதியாகக் குறைய வேண்டும், நாலாவது நாள் உங்கள் பழைய மூன்று வாளிக்கோ அதற்குக் கீழோ வர வேண்டும். குறையாமல் ஒரே அளவில் நின்றால் மறுபடி ஏற்றுங்கள், ஒட்டில் பிசகு.

கப்ளிங்காரன்:

அந்த நாலாவது நாள்வரை கப்ளிங் போல்ட்டை மாட்டாமல் வையுங்கள். 0.6 கரைக் கணக்கு, அதை நம்பி இன்ஜினுக்கு அடியில் தகடு வைத்துவிடாதீர்கள். இன்ஜின் மேடைக் கட்டையின் போல்ட் துளையிலும் குத்தூசி விட்டுப் பாருங்கள், அங்கே டீசலும் எண்ணெயும் ஊறி மரம் இளகியிருந்தால் எத்தனை முறை நேராக்கினாலும் நிற்காது.